சார்ஜ் நிக்கலையா? பேட்டரி மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

லேப்டாப் சர்வீஸ் மேசையில் உட்கார்ந்திருப்பவன் ஒரு நாளில் அதிகம் கேட்பது "சார்ஜ் நிக்கமாட்டேங்குது" என்பதைத்தான். அடுத்த கேள்வி, "புது பேட்டரி என்ன விலை?" இந்த இரண்டுக்கும் நடுவில் பத்து நிமிட வேலை ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் யாரும் அதைச் செய்வதில்லை. செய்தால் சிலருக்கு பேட்டரி மாற்ற வேண்டிய தேவையே வராது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்கிறவர்களுக்கும், பழையது ஏன் போனது என்று தெரிந்துவிடும். தெரியாமல் மாற்றினால் இரண்டு வருஷத்தில் மறுபடி என் மேசைக்குத்தான் வருவார்கள்.

கீழே மேற்கோளில் உள்ள தலைப்புகள் எல்லாம் கடைக்கு வருகிறவர்கள் சொல்லும் வார்த்தைகள். உங்கள் லேப்டாப் எதைச் செய்கிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம். முதல் தலைப்பை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள். மற்றவை நாளைக்குக்கூடப் பொறுக்கும், அது பொறுக்காது.

"டச்பேட் கிளிக் ஆகல"

ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் போன கோடையில் வந்தார். "தம்பி, மவுஸ் பேட் மட்டும் மாத்திக் குடுங்க. நாலு நாளா கிளிக் ஆகல." கண்ணாடிக் கவுண்டரில் லேப்டாப்பை வைத்து ஒரு மூலையை விரலால் அழுத்தினேன். எதிர் மூலை 'டக்' என்று எழுந்தது. நான்கு ரப்பர் காலில் நிற்க வேண்டிய பொருள் வயிற்றில் நின்றுகொண்டிருந்தது. "அக்கா, மவுஸ் பேட் நல்லாத்தான் இருக்கு. பேட்டரி உப்பிடுச்சு" என்றேன். அவர் நம்பவில்லை. அடி மூடியைக் கழற்றிக் காட்டினேன். தட்டையாக இருக்க வேண்டிய மூன்று பைகளில் நடுவில் இருந்தது எண்ணெயில் போட்ட பூரி மாதிரி எழும்பி, டச்பேடை அடியிலிருந்து முட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பை ஒவ்வொன்றும் ஒரு லித்தியம் அயான் செல். அதற்குள் இருக்கும் திரவம் சிதையும்போது வாயு உண்டாகிறது. வெளியேற வழி இல்லாததால் பை உப்புகிறது. சூடும், எந்நேரமும் முழுச் சார்ஜிலேயே கிடப்பதும் இதை விரைவாக்கும். டச்பேட் இறுகுவது, மூடியபின் நடுவில் இடைவெளி தெரிவது, கீபோர்டு மேடு தட்டுவது, மேசையில் ஆடுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு மெஷினை அணையுங்கள். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் ஓட்டிக்கொள்கிறேன் என்பது வேண்டாம். ஊசியால் குத்திக் காற்றை இறக்கலாமா என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். குத்தினால் உள்ளே ஒன்றோடொன்று தொடக்கூடாத தகடுகள் தொட்டு, தீ பிடிக்கும்.

கழற்றத் தெரிந்தவரிடம் கொடுத்துக் கழற்றுங்கள். கழற்றியதைத் துணி, காகிதம், கட்டில் எதுவும் பக்கத்தில் இல்லாத சிமெண்ட் தரையில், மணல் போட்ட மண்சட்டியில் வைக்கலாம். பழைய பேப்பர்காரரிடமும் குப்பை வண்டியிலும் போடக் கூடாது. 2022-இல் வந்த மத்திய அரசின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, விற்ற பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்க ஏற்பாடு செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு. எனவே அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் தயங்காமல் கேளுங்கள். கூரியரில் மட்டும் அனுப்பாதீர்கள்.

அந்த அக்காவிடம் எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டேன். "கரண்ட் எப்பப் போகும்னு தெரியாதே, அதனால எப்பவும் பிளக்லதான் இருக்கும்" என்றார். இந்தப் பதிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே திரும்ப வருவோம்.

வேறு எந்தக் குறையானாலும் முதலில் அறிக்கை

பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்று அறிக்கை தரும் வசதி ஒன்று விண்டோஸ் 8 முதலே உள்ளே இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் சி, எம், டி என்று மூன்று எழுத்து தட்டினால் ஒரு கறுப்புத் திரை வரும். அதில் தட்ட வேண்டியதைப் போனில் நான் இப்படித்தான் சொல்வேன்: "இங்கிலீஷ்ல பவர்னு அடிங்க, அதை ஒட்டியே சி, எஃப், ஜி. ஒரு இடம் விடுங்க. கேள்விக்குறி இருக்கிற கீயில இருக்கும் சாய்கோடு. அதை ஒட்டி பேட்டரி, அதையும் ஒட்டி ரிப்போர்ட். இப்ப என்டர்." ஒரு கோப்பு உருவாகி, அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் அங்கேயே தெரியும். அதை பிரவுசரில் திறங்கள்.

அதில் இரண்டு எண் போதும். டிசைன் கெபாசிட்டி என்பது பேட்டரி பிறந்தபோது இருந்த கொள்ளளவு. ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்பது இன்றைக்கு அதில் எவ்வளவு பிடிக்கிறது என்பது. அந்த அக்காவின் லேப்டாப்பில் முதல் எண் 41,040, இரண்டாவது 23,500 மில்லி வாட் மணி. வகுத்துப் பார்த்தால் 57 சதவீதம். ஆனால் திரையின் மூலையில் அது தினமும் 100 என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது. அந்த 100, மிச்சமிருக்கும் 23,500-இல் நூறு. படி சிறுத்துவிட்டது, ஆனாலும் தலைதட்டி அளந்துதான் போடுகிறார்கள் என்பதுபோல. வீட்டில் யாரும் கவனிக்காமல் போவதற்கு இதுதான் காரணம்.

சைக்கிள் கவுண்ட் என்று இன்னொரு எண்ணும் இருக்கும். சில மெஷின்களில் காலியாக இருக்கும். ஒரு சைக்கிள் என்றால் ஒருமுறை பிளக் குத்துவது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மொத்தமாக நூறு சதவீத அளவுக்குச் செலவழித்தால்தான் ஒன்று. இன்று பாதி, நாளை பாதி என்றால் இரண்டு நாளுக்குச் சேர்த்து ஒரு சைக்கிள். சாதாரண லேப்டாப் பேட்டரிகள் 300 முதல் 500 சைக்கிள் வரை தாக்குப்பிடிக்கும். ஆப்பிள் தன் இன்றைய மேக்புக்குகளுக்கு 1000 என்று குறிப்பிடுகிறது. மேக்கில் கொள்ளளவைப் பார்க்க இந்தக் கறுப்புத் திரையெல்லாம் வேண்டாம், செட்டிங்ஸில் பேட்டரி, அதில் பேட்டரி ஹெல்த்.

என் கணக்கு இது: 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பேட்டரியைத் தொடாதீர்கள், குறை வேறெங்கோ இருக்கிறது. 60 முதல் 80 என்றால் நடுவயது, பழக்கத்தை மாற்றினால் இன்னும் ஓட்டலாம். 50-க்குக் கீழே போய், திடீரென்று அணையவும் ஆரம்பித்திருந்தால் புதியதற்குப் பணம் எடுத்து வையுங்கள்.

"கரண்ட் போனா அரை மணி நேரம்கூட வரல"

எப்போதும் பிளக்கில் இருக்கும் லேப்டாப்புகளின் வியாதி இது. அறிக்கையில் சைக்கிள் 60, 70 என்று சொற்பமாக இருக்கும், கொள்ளளவு மட்டும் பாதியாகிவிட்டிருக்கும். "நான் பேட்டரியைப் பயன்படுத்தவே இல்லையே, எப்படிப் போச்சு?" என்று கேட்பார்கள். பயன்படுத்தாததால் போகவில்லை, நிரம்பி வழியும் நிலையிலேயே வைத்திருந்ததால் போனது.

ஓவர் சார்ஜ் ஆகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், அது நடப்பதில்லை. நூறு எட்டியதும் உள்ளே இருக்கும் சார்ஜிங் சர்க்யூட் நிறுத்திவிடும், அதன்பின் மெஷின் அடாப்டரில்தான் ஓடும். சிக்கல் வேறு. செல் முழுதாக நிரம்பும்போது அதன் மின்னழுத்தம் 4.2 வோல்ட், சில வகைகளில் இன்னும் கொஞ்சம் அதிகம். அந்த உச்சத்தில் உள்ளே இருக்கும் ரசாயனம் நிம்மதியாக இருப்பதில்லை. சும்மா இருந்தாலும் மெல்ல மெல்லத் தன்னையே தின்றுகொண்டிருக்கும். ஒரு செல்லை 4.2-க்குப் பதில் 4.1 வோல்ட்டில் நிறுத்தினால் அதன் சைக்கிள் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது இந்தத் துறையில் பழகிய கணக்கு.

இதில் சூடும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பேட்டரிக்காரர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஓர் அட்டவணை உண்டு. 25 டிகிரியில் 40 சதவீதச் சார்ஜோடு ஒரு வருஷம் வைத்த செல்லில் 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும். அதே 25 டிகிரியில் முழுச் சார்ஜோடு வைத்தால் 80. வெப்பம் 40 டிகிரியானால் முதலாவது 85, இரண்டாவது 65. அந்த 40 டிகிரி ஏதோ ஆய்வுக்கூடத்து எண் என்று நினைக்காதீர்கள். கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில், மெத்தை மேல் வைத்து, அடியில் காற்றுப் போகும் ஓட்டை தலையணையால் அடைபட்டு ஓடும் லேப்டாப்பின் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். நான் திருச்சிக்காரன், இதை அட்டவணை பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எனக்கில்லை.

வைத்தியம் சுலபம்: சார்ஜை 80-இல் நிறுத்தச் சொல்லி லேப்டாப்பிடமே சொல்லிவிடலாம். இந்த வசதி பெரும்பாலான மெஷின்களில் ஏற்கெனவே இருக்கிறது, பெயர்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு.

லெனோவோ என்றால் வான்டேஜ் செயலியில் பவர் பகுதிக்குப் போய் கன்சர்வேஷன் மோடைப் போடுங்கள். பழைய மாடல்கள் 60 அருகிலும் புதியவை 80 அருகிலும் நிறுத்தும். திங்க்பேடில் இன்னும் நுணுக்கம்: எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் சார்ஜ் ஏற ஆரம்பிக்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று இரண்டு எண்ணையும் நீங்களே கொடுக்கலாம். ஏசுஸில் மைஏசுஸ் செயலி. பழைய பதிப்புகளில் 100, 80, 60 என மூன்று நிலை. புதியதில் பேட்டரி கேர் மோட் என்று ஒரே பொத்தான். டெல்லில் ஆன் செய்யும்போதே எஃப்2 தட்டி பயாஸுக்குள் (விண்டோஸ் வரும் முன் திறக்கும் அடிப்படை செட்டிங்ஸ் திரை) போனால் பேட்டரி கான்ஃபிகரேஷன் இருக்கும். அதில் 'பிரைமரிலி ஏசி யூஸ்' எடுக்கலாம், அல்லது கஸ்டம் எடுத்து 50-இல் ஆரம்பம் 80-இல் நிறுத்தம் என்று போடலாம். எச்பியின் ஆபீஸ் மாடல்களில் எஃப்10, உள்ளே பேட்டரி ஹெல்த் மேனேஜர், அதில் 'மேக்சிமைஸ் மை பேட்டரி ஹெல்த்'. வீட்டு மாடல் எச்பிகளில் அடாப்டிவ் என்று ஒன்று உண்டு, அதில் நீங்கள் எண் கொடுக்க முடியாது. ஏசரில் கேர் சென்டர் செயலி, எம்எஸ்ஐயில் அதன் சொந்தச் செயலி. லினக்ஸ்காரர்களுக்கு டிஎல்பி என்ற கருவியில் வரம்பு வைக்கலாம். 2025-இல் வந்த குனோம் 48-இல் செட்டிங்ஸிலேயே வந்துவிட்டது. மேக்புக் உங்கள் பழக்கத்தைப் படித்து 80-இல் தானே காத்திருக்கும். அந்த ஆப்டிமைஸ்டு சார்ஜிங்கை யாராவது அணைத்து வைத்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

இதைச் சொன்னதும் எல்லாரும் கேட்பது: "அப்ப கரண்ட் போனா 20 சதவீதம் நஷ்டம்தானே?" ஆடிட்டர் ஆபீஸ் அக்காவும் இதைத்தான் கேட்டார். கால்குலேட்டரை எடுத்து அவர் முன்னாலேயே போட்டேன். புதிதாக 41 வாட் மணி (அறிக்கையில் பார்த்த அதே 41,040 மில்லி வாட் மணி) இருந்த பேட்டரியில் 80 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 33. எக்செல், மெயில் என்று சாதாரண வேலைக்கு லேப்டாப் 10 வாட் எடுத்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல் வரும். எப்போதும் நூறிலேயே வைத்திருந்த அவருடைய பேட்டரியில் மிஞ்சியது 23.5. அதாவது அவர் கரண்ட் போகும் என்று பயந்து நூறில் வைத்தாரே, அந்த நூறு இன்றைக்கு எண்பதைவிடச் சின்னது. அவர் கால்குலேட்டரை வாங்கித் தானும் ஒருமுறை போட்டுப் பார்த்தார். ஆடிட்டர் ஆபீஸ் ஆயிற்றே.

நாளைக்கு ரயிலில் போகிறீர்கள், முழுச் சார்ஜ் வேண்டும் என்றால் முந்தின நாள் ராத்திரி வரம்பை எடுத்துவிட்டு நூறு ஏற்றிக்கொள்ளுங்கள். நூறு ஏற்றுவதில் தவறில்லை. நூறிலேயே மாதக்கணக்கில் குடிவைப்பதுதான் கூடாது.

வரம்பு வசதியே இல்லாத மெஷின் என்றால்? கைக்கடிகாரத்தில் அலாரம் வைத்து 80-இல் பிளக்கைப் பிடுங்கச் சொல்லும் அறிவுரைகள் உண்டு. மூன்று நாளைக்கு மேல் யாரும் அதைச் செய்து நான் பார்த்ததில்லை. இரவு முழுக்க பிளக்கில் போட்டுவிட்டுத் தூங்காமல் இருந்தாலே பாதி காரியம் முடிந்தது.

"30 காட்டும்போதே பொட்டுனு அணையுது"

இதற்கு இரண்டு காரணம் உண்டு, வைத்தியம் நேரெதிர். ஒன்றில் காசு செலவில்லை, மற்றதில் புது பேட்டரி. எது என்று பிரித்தறிவதுதான் வேலை.

பேட்டரிக்குள் எவ்வளவு மிச்சம் என்று நேரடியாக அளக்க வழியில்லை. பேட்டரியோடு ஒட்டியிருக்கும் ஒரு சிப், உள்ளே போனது எவ்வளவு வெளியே வந்தது எவ்வளவு என்று கணக்கு எழுதிக்கொண்டே வருகிறது. மளிகைக் கடைக் கடன் நோட்டு மாதிரி. மாதக்கணக்கில் முழுதாக நிரம்பாமலும் முழுதாக இறங்காமலும் இருந்தால் நோட்டில் சில்லறைத் தப்புகள் சேர்ந்துவிடும். 80 வரம்பு வைத்திருப்பவர்களுக்கும் இது வரும், அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

கணக்கைச் சரிசெய்ய: வரம்பை எடுத்துவிட்டு நூறு வரை ஏற்றுங்கள். ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தானாக ஹைபர்னேட் ஆகும்வரை, அதாவது திறந்திருப்பதைச் சேமித்துவிட்டு மெஷின் தானே அணையும்வரை, வீடியோவோ எதுவோ ஓட்டுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் ஆறவிட்டு, இடையில் எடுக்காமல் மறுபடி நூறு ஏற்றுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். இதை வாராவாரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக் காலத்தில் முழுதாக இறக்கி ஏற்ற வேண்டும் என்று அப்பா சொன்னது மனதில் நின்றுவிட்டது. லித்தியத்துக்கு அந்த 'மெமரி' வியாதி கிடையாது. அடிக்கடி சுழியம் வரை இறக்குவது அதற்குச் சுமைதான்.

சரிசெய்த பிறகும் அணைந்தால் அடுத்த சோதனை. 40 சதவீதத்தில் பிளக்கைப் பிடுங்கி, வெளிச்சத்தைக் குறைத்து, ஒரு வேர்டு கோப்பு மட்டும் திறந்து வையுங்கள். ஓடுகிறது. இப்போது வெளிச்சத்தை முழுதாக ஏற்றி, பிரவுசரில் நான்கைந்து வீடியோவை ஒரே நேரத்தில் ஓட்டுங்கள். அந்த நொடியே அணைந்தால் செல் கிழடாகிவிட்டது என்று அர்த்தம். உப்புத் தண்ணீர் ஊரில் பழைய குழாயைப் பார்த்திருப்பீர்கள். மேலே தொட்டியில் தண்ணீர் இருக்கும். ஒரு டேப்பைத் திறந்தால் வரும், இரண்டாவதைத் திறந்தால் முதலாவதும் நின்றுவிடும். வயதான செல்லுக்குள்ளும் தடை அப்படித்தான் கூடிவிடுகிறது. மெதுவாகக் கேட்டால் கொடுக்கும், ஒரேயடியாகக் கேட்டால் மின்னழுத்தம் சரிந்து மெஷின் விழுந்துவிடும். இதற்கு எந்த செட்டிங்ஸும் உதவாது.

"எண்பதுக்கு மேல ஏறவே மாட்டேங்குது"

மேலே சொன்ன வரம்பு யாராலோ போடப்பட்டிருக்கிறது. புது மெஷினில் முதல் நாள் ஏதோ ஒரு பெட்டி திறந்து, படிக்காமல் 'ஓகே' கொடுத்திருப்பீர்கள். ஒருவர் இதற்காக இரண்டு சார்ஜர் வாங்கிவிட்டு மூன்றாவதாக என்னிடம் வந்தார். இது நோயே இல்லை. அப்படியே விட்டுவிடுங்கள்.

"பிளக் குத்தியிருக்கு, ஆனா ஏறல"

முதலில் அடியைத் தொட்டுப் பாருங்கள். லித்தியம் செல்லைச் சார்ஜ் செய்ய ஏற்ற வெப்பம் சுழியத்திலிருந்து 45 டிகிரி வரை. அதைத் தாண்டினால் லேப்டாப் சார்ஜை மெதுவாக்கும் அல்லது நிறுத்தும். ஃபேனுக்குக் கீழே அரை மணி நேரம் வைத்தால் தானாக ஏற ஆரம்பிக்கும். அப்படி ஏறினால் குறை சூட்டில்தான். உள்ளே ஃபேன் தூசியடைத்துப் போயிருக்கும், சுத்தம் செய்யக் கொடுங்கள்.

சூடு இல்லை என்றால் அடாப்டர். சில நிறுவனங்களின் உருண்டைப் பின்னுக்குள் நடுவில் ஊசிபோல் மெல்லிய கம்பி ஒன்று இருக்கும். அது மின்சாரம் கொண்டுவருவதற்கு இல்லை. "நான் இத்தனை வாட் அடாப்டர்" என்று மெஷினுக்குச் சொல்வதற்கு. அது வளைந்தாலோ, டூப்ளிகேட் அடாப்டரில் அந்தச் சேதி வராவிட்டாலோ, லேப்டாப் ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது. ஆன் செய்யும்போது அடாப்டர் வகை தெரியவில்லை என்று எச்சரிக்கை வந்தால் இதேதான். கைபேசி டார்ச்சை அடித்து பின்னுக்குள் பாருங்கள்.

டைப் சி சார்ஜர் என்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். சாதாரண டைப் சி கேபிள் 60 வாட் வரைதான் தாங்கும். 100 வாட்டுக்கு உள்ளே சிப் வைத்த, 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். கேமிங் லேப்டாப்பில் விளையாடும்போது பிளக் இருந்தும் சதவீதம் இறங்கினால், மெஷின் கேட்பதை அடாப்டரால் கொடுக்க முடியவில்லை, குறையை பேட்டரியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கூட வந்த பெரிய அடாப்டரை வீட்டில் வைத்துவிட்டு 65 வாட் டைப் சியில் விளையாடுகிறவர்களுக்கு இது தவறாமல் வரும்.

இவை எதுவும் இல்லை என்றால்: அடாப்டரைப் பிடுங்கி, மெஷினை அணைத்து, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். சார்ஜைப் பார்த்துக்கொள்ளும் உட்கணினி புதிதாகத் தொடங்கும். டிவைஸ் மேனேஜரில் பேட்டரி டிரைவரை நீக்கி ரீஸ்டார்ட் செய்யும் வித்தையும் உண்டு. அது வேலை செய்வதை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன், ஆனால் செலவில்லை. அதற்குப் பிறகும் ஏறாவிட்டால் குறை டிசி ஜாக்கில் (சார்ஜர் பின் குத்தும் இடம்) அல்லது போர்டில். வீட்டில் பார்க்கிற வேலை இல்லை.

"ராத்திரி 90 இருந்துச்சு, காலைல 20"

மூடியை மூடினால் லேப்டாப் தூங்குகிறது என்று நினைக்கிறோம். இன்றைய மெஷின்கள் பல கைபேசி மாதிரி அரைத்தூக்கத்தில் இருந்துகொண்டு மெயில் பார்க்கும், அப்டேட் இறக்கும். பைக்குள் போட்டு பஸ்ஸில் ஏறி, இறங்கும்போது பையே சூடாக இருந்தால் இதுதான். பேட்டரிக்கு இரட்டை அடி: சைக்கிளும் வீண், சூடும் சேர்கிறது.

கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் ஸ்லீப்பை மாற்றி ஹைபர்னேட் வையுங்கள். திறக்கும்போது பத்து பதினைந்து விநாடி கூடும், அவ்வளவுதான். ஷட் டவுன் செய்தும் இறங்குகிறது என்றால், அணைந்த நிலையிலும் யுஎஸ்பியில் கைபேசி சார்ஜ் ஆகும் வசதி பயாஸில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

"பீரோவுல வெச்சிருந்தேன், இப்ப ஆன் ஆகல"

பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப்பைத் தங்கைக்கு வேண்டும் என்று பட்டுப்புடவைகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்திருந்த வீடுகளை எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் கழித்து எடுத்தால் பொட்டு வெளிச்சம் வராது. பேட்டரி சும்மா இருந்தாலும் தானாகக் கொஞ்சம் கொஞ்சம் இறங்கும். ஓர் எல்லைக்குக் கீழே போனால் பாதுகாப்புச் சர்க்யூட் கதவை மூடிவிடும்.

சரியான அடாப்டரில் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் காத்திருங்கள். எல்லைக்கு அருகில் நின்றிருந்தால், முதலில் மிக மெதுவாக ஏறி, பிறகு உயிர் வரும். வரவில்லை என்றால், வெளி மின்சாரம் கொடுத்து எழுப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ரொம்ப ஆழத்துக்குப் போன செல்லுக்குள் செம்பு கரைந்து வேண்டாத இடத்தில் படிந்திருக்கும். எழுப்பினாலும் நம்ப முடியாது.

இனி எடுத்து வைப்பதாக இருந்தால் 50 சதவீதத்தில், ஸ்லீப்பில் வைக்காமல் முழுதாக அணைத்து, வீட்டில் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து 50-க்கு ஏற்றிவிடுங்கள். ஆயுத பூஜைக்கு எப்படியும் எடுத்துப் பொட்டு வைப்பீர்கள், அன்றைக்கு ஒருமுறை. பிறகு சித்திரை வருஷப் பிறப்புக்கு ஒருமுறை.

"புதுசு போட்டும் அதே கதைதான்"

புதுசு என்று போட்டது புதுசுதானா என்று பாருங்கள். கடை அலமாரியில் மூன்று வருஷம் கிடந்த பேட்டரி பெட்டியைப் பிரிக்காவிட்டாலும் பழசுதான். லேபிளில் தயாரிப்பு மாதம் அச்சிட்டிருந்தால் படித்துப் பாருங்கள். ஐஎஸ் 16046 என்ற இந்தியத் தர எண்ணும், ஆர் என்று தொடங்கும் பதிவெண்ணும் இருக்க வேண்டும். அந்தப் பதிவெண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் என்ற கைபேசிச் செயலியில் போட்டால் யாருடையது என்று காட்டிவிடும். எழுத்துப் பிழையோடு அச்சிட்ட லேபிள்களையும் நான் பார்த்திருக்கிறேன், அதற்கு எந்தச் செயலியும் வேண்டாம்.

கம்பெனி பேட்டரி கிடைக்காத பழைய மாடலுக்கு வேறு தயாரிப்பு போட்டே ஆக வேண்டியிருக்கும். தப்பில்லை. ஆனால் அசலில் 41 வாட் மணி இருந்த இடத்தில், அதே அளவுப் பெட்டிக்குள் 70 என்று எழுதியிருந்தால் லேபிளை நம்பாதீர்கள். கடையை விட்டு வெளியே வரும் முன் அந்தக் கறுப்புத் திரையைத் திறந்து அறிக்கை எடுங்கள். சைக்கிள் எண் காட்டுகிற மெஷினாக இருந்தால் அது ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டு கொள்ளளவு எண்ணும் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். எண்ணையே பொய்யாக எழுதிவைத்த சிப்புகளும் சந்தையில் உண்டு என்பதால், வீட்டுக்கு வந்து ஒருமுறை நூறிலிருந்து இறக்கிப் பாருங்கள். 40 வாட் மணி என்று சொன்ன பேட்டரி சாதாரண வேலைக்கே ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தால், பில்லோடு மறுநாளே கடைக்குப் போங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் அன்றைக்கே 80 வரம்பைப் போட்டுவிடுங்கள். எட்டு மணி நேரம் பிளக்கில் போட்டுவிட்டுத்தான் முதல்முறை ஆன் செய்ய வேண்டும் என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டிவிட்டு வாருங்கள், செய்ய வேண்டியதில்லை. பிறகு, எடுத்த அறிக்கைக் கோப்பின் பெயரில் அன்றைய தேதியைச் சேர்த்து ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். ஆடிட்டர் ஆபீஸ் அக்கா அப்படித்தான் வைத்திருக்கிறார், அதுவும் நிதியாண்டு வாரியாக. இந்த ஏப்ரலில் எடுத்த அறிக்கையைப் போனில் அனுப்பியிருந்தார். 41,040-க்கு எதிரே 39,800 என்று இருந்தது. கீழே ஒரு வரி: "தம்பி, தேய்மானம் 3 சதவீதம். கணக்கு சரியா?"